துண்டு போட்ட நாற்காலி

எங்கள் அலுவலகத்தில் இனி யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது என்று அறிவிக்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? போனஸ் என்றால் முதலாளி அறிவிப்பார். ஏசி ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை, நாற்காலி போச்சு என்றால் கனகவல்லி அறிவிக்க வேண்டும்.

சனத்நகர் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது எங்கள் அலுவலகம். கீழே லேத் பட்டறை, மேல்மாடியில் நாங்கள். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பம்புகளை வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வரைபடம் போடப் பழகிவிட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று எங்கள் முதலாளி ராமச்சந்திரன் மாடியில் பாதியை வேறொரு கம்பெனிக்கு விட்டுவிட்டார். மிச்சமிருந்த பாதியில் ஆட்களைவிட நாற்காலிகள் குறைவு. அதனால் ஒரு ஆப் வந்தது. நாளைக்கு எந்த நாற்காலி வேண்டுமென்று இன்றைக்கே அதில் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் வந்ததும் மேசையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"காலம் மாறுது கனகவல்லி. மாறத் தெரிஞ்ச ஆபீஸ்தான் பொழைக்கும், மாறத் தெரிஞ்ச ஆளுங்கதான் பொழைப்பாங்க" என்றார் ராமச்சந்திரன். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த மாதிரி வாக்கியங்களைச் சொல்லும்போது அவர் தன் அறைக்குள் தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

புது முறையில் முதல் பலி என் அறை. அதற்குக் கண்ணாடி போட்டு, வெளியூர்க்காரர்களோடு வீடியோவில் பேசுகிற கூண்டாக ஆக்கினார்கள். கதவிலிருந்த என் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். மற்றவர்களைப் போல நானும் ஆப்பில் நாற்காலி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பிரின்டர் பேப்பரும் பழைய கோப்புகளும் அடைந்துகிடக்கும் ஸ்டேஷனரி அறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் "தற்காலிகமாக" என்றேன். அந்த அறைக்கு 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று தினேஷ் பெயர் வைத்திருந்தது எனக்கு வெகு நாள் தெரியாது.

இதெல்லாம் நடந்தபோது நஸ்ரின் அலுவலகத்தில் இல்லை. இருந்திருந்தால் என்னைக் கேலி செய்தே அந்த அறையிலிருந்து கிளப்பியிருப்பாள்.

நஸ்ரின் மேலப்பாளையத்துப் பெண். பம்பு வடிவமைப்பில் கெட்டிக்காரி. அதற்கு மேல், நம் வாயிலிருந்து விழுகிற ஒரு வார்த்தையையும் அவள் தரையில் விழவிட மாட்டாள். நான் முணுமுணுத்தால்கூட அந்தக் கோடியிலிருந்து பதில் வரும். எங்கள் பெரிய கூடத்தின் ஒரு மூலைதான் அவள் இடம். அவளுக்கு வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் கோயம்புத்தூர்க்காரன் தினேஷ், அவனுக்கு அப்பால் உள்ளூர்த் தெலுங்குப் பையன் சாய்கிருஷ்ணா. மூலையிலிருந்து இவள் ஒரு வார்த்தை விட்டால் அந்த வரிசையே குலுங்கும். எரிச்சலோடு ஒரு வாடிக்கையாளர் போன் செய்தால் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் பேசி வைக்கும்போது அந்த ஆள் சிரித்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் காலை எழுந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது, காதில் ஒரே இரைச்சல். மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு அவளுடைய உம்மா வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். "காது சரியாயிட்டு, இந்தத் தலைசுத்தல் மட்டும் அடங்கணும்க்கா" என்று போனில் சொன்னாள். நாங்களும் அதை நம்பினோம்.

புது முறை வந்த சில நாட்களில், நான் காலையில் கூடத்தைச் சுற்றிவந்தபோது அந்த மூலை நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. பச்சைக் கரை. துவைத்து மடித்த துண்டு. ஆப்பில் பார்த்தால் அந்த நாற்காலி தினேஷ் பெயரில் இருந்தது. தினேஷோ கேன்டீனில் இட்லித் தட்டுகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு படம் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன இது?" என்றேன்.

"துண்டுங்க்கா."

"அது தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் பேர்ல சீட்டு இருக்கு, நீ ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"இன்னிக்கு என்ற மொறைங்க. நேத்து சாய் மொறை. நஸ்ரின் வர்ற வரைக்கும் ஆளுக்கொரு நாள் அந்தச் சீட்டை எங்க பேருல போட்டுக்கறோம். போட்டுட்டு நாங்க வேற எங்கயாவது உக்காந்துக்கறோம். கோவிச்சுக்காதீங்க்கா. பஸ்ஸுல துண்டு போட்டா யாராச்சும் எடுத்துப் போட்டுட்டு உக்காருவாங்களா?"

சாய்கிருஷ்ணாவும் வந்து சேர்ந்துகொண்டான். எங்களோடு பழகிப் பழகி அவன் தமிழ் பேசுவான். உணர்ச்சிவசப்பட்டால் மட்டும் தெலுங்கு வந்துவிடும். "அக்கா, மீக்கு துண்டு, மாக்கு கர்ச்சீஃப். ஆர்டிசி பஸ்ல கர்ச்சீஃப் வேஸ்தே சீட் மனதே, போட்டா சீட் நம்மளுது. இது ரூல் அக்கா."

"இது பஸ் இல்லடா, ஆபீஸ். இங்க ரூல் போடறது நான்" என்று கத்திவிட்டு வந்தேன். துண்டை எடுக்கச் சொல்லவில்லை.

ஸ்டேஷனரி அறையில் வந்து உட்கார்ந்தபோது கோபம் தங்கவில்லை. ஒரு பெண்ணுக்காக இரண்டு பையன்கள் முறை போட்டுக்கொண்டு கேன்டீனில் உட்காருகிறார்கள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த அலுவலகத்தில் வெகு காலமாக இருக்கிறேன். என் அறை போனபோது எனக்காக யாரும் ஒரு கைக்குட்டைகூடப் போட்டுவைக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது. அந்தப் பையன்கள் மேல் பிரியமாகவும் இருந்தது.

அந்தப் பிரியத்தோடுதான் ராமச்சந்திரனிடம் போனேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்களே" என்றார் அவர்.

"கேக்கட்டும் சார். ஒடம்பு சரியில்லாமப் போன பொண்ணு திரும்பி வர்றப்போ உக்கார ஒரு இடம் இருக்கணும். மாறத் தெரிஞ்ச ஆபீஸ்னா, போட்ட ரூலை மாத்தவும் தெரியணும் இல்லையா?"

தன் வாக்கியம் தனக்கே திரும்பி வந்ததும் அவர் சிரித்துவிட்டார். அந்த ஒரு நாற்காலியை மட்டும் ஆப்பிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார். எனக்கு அதோடு திருப்தி வரவில்லை. என் பழைய பெயர்ப்பலகையின் சட்டத்திலிருந்து 'கனகவல்லி'யை உருவிவிட்டு, 'நஸ்ரின்' என்று அச்சடித்துச் செருகி, அந்த மூலை மேசையில் திருகாணி வைத்து நானே முடுக்கினேன்.

நஸ்ரின் திரும்பி வந்த அன்று காலை வரிசையே எழுந்து நின்றது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். சிரிப்பு அதே சிரிப்பு. தினேஷ் நாற்காலியிலிருந்து துண்டை எடுத்து, ரயிலில் இடம் பிடித்துக் கொடுக்கும் மருமகன் மாதிரி பெரிதாக உதறினான். நஸ்ரின் மேசையைப் பார்த்தாள். பெயர்ப்பலகையை விரலால் தொட்டாள். கண் நிரம்பிவிட்டது.

"எல்லாம் அப்படியேல்லா வச்சிருக்கீய" என்றாள்.

"ஹவ், பின்ன? உன் இடம் உன் இடம்தான்" என்றேன். வெகு காலம் இந்த ஊரில் இருந்ததில் என் வாயில் 'ஆமாம்' 'ஹவ்' ஆகிவிட்டது, 'வேண்டாம்' 'நக்கோ' ஆகிவிட்டது. பெருமையில் அன்றைக்கு நான் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன்.

ஆனால் பழைய நஸ்ரின் திரும்பி வரவில்லை என்று ஒரு வாரத்திலேயே பேச்சு கிளம்பியது. தினேஷ் ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டுவாள். பதில் வராது. சாய்கிருஷ்ணா அழைத்தால் இரண்டாம் முறைதான் திரும்புவாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்விடுவாள். "ஊருக்குப் போயிட்டு வந்து பெரிய மனுஷி ஆயிட்டாங்களாட்டம் இருக்குதுங்க்கா" என்று தினேஷ் என்னிடம் வருத்தப்பட்டான். முறை போட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தவன், அவனுக்கு வருத்தம் வராதா?

எனக்கு வருத்தம் இல்லை. காரணம், என்னோடு மட்டும் அவள் பழைய நஸ்ரினாகவே இருந்தாள். தினமும் மத்தியானம் இரண்டு கிளாஸ் டீயோடு ஸ்டேஷனரி அறைக்கு வருவாள். என் மேசைக்கும் பேப்பர் அலமாரிக்கும் நடுவே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். நான் முணுமுணுப்பதற்கும் பதில் சொல்வாள். "அக்கா, இந்த ரூமுக்கு வாடகை குடுக்கியளா இல்ல குத்தகையா?" என்பாள். நல்லவர்கள் யார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது, மனிதர்களை எடைபோடத் தெரிந்தவள் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவளை மெச்சியது என்னையும் சேர்த்துத்தான்.

பிறகு அந்தத் தவறு நடந்தது.

பட்டான்செருவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு நஸ்ரின் பம்பு வடிவமைத்துக்கொண்டிருந்தாள். மோட்டாரை மாற்றிவிட்டோம், பெரிதாகப் போடுங்கள் என்று அவர்கள் தினேஷிடம் சொல்லியிருந்தார்கள். அவன் தன் திரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்திலிருந்த நஸ்ரினிடம் சொன்னான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். படம் பழைய மோட்டாரோடே போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, தயாரிப்புக்குப் போகும் முன் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து போனில் வந்த வசவு ராமச்சந்திரனின் அறையைத் தாண்டிக் கூடம் வரைக்கும் கேட்டது.

"நான் சொன்னேனுங்க சார்!" தினேஷ் எழுந்து நின்றுவிட்டான். முகம் சிவந்திருந்தது. "எல்லார்த்துக்கும் முன்னாலதான் சொன்னேன். தலையாட்டுனாங்க. தலையாட்டுனா என்னுங்க அர்த்தம்?"

நஸ்ரின் நாற்காலியை முழுக்கத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "சொல்லியிருப்ப தினேஷ். நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான் சார்" என்றாள்.

அன்று மத்தியானம் அவள் ஸ்டேஷனரி அறைக்கு டீ இல்லாமல் வந்தாள். கதவைச் சாத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வேலைய விடுதேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரிசைனா? நக்கோ! ஒரு தப்புக்கு ஒரு ரிசைன்னா இந்த மாடில ஒருத்தர் மிஞ்ச மாட்டோம். இதபார் நஸ்ரின், உனக்காக அந்தப் பசங்க கேன்டீன்ல இட்லித் தட்டுக்கு நடுவுல உக்காந்து வேலை பாத்தாங்க. நான் சாரோட மல்லுக்கட்டினேன். என் பேரை உருவிட்டு உன் பேரைப் போட்டேன். அந்தச் சீட்டை உனக்குன்னு காப்பாத்தி வெச்சா, நீ போறேன்னு வந்து நிக்கறியா?"

"அதாம்க்கா விடுதேன்" என்றாள்.

"எது?"

"அந்தச் சீட்டுதாம்க்கா." அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இடது காது போயிட்டு. சுத்தமாப் போயிட்டு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் உடனே சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே இரண்டு போடத் தோன்றுகிறது. "என்கிட்ட நல்லாத்தானே பேசறே?" என்றேன்.

"இங்க நீங்க எனக்கு வலப்பக்கம்லா இருக்கீய."

என் மேசையைப் பார்த்தேன். அவள் இடப்பக்கத்து அலமாரியைப் பார்த்தேன். மனிதர்களை எடைபோடத் தெரிந்தவள் என்று நான் மெச்சிக்கொண்டது இந்த ஸ்டூலுக்கும் மேசைக்கும் சேர வேண்டிய பெருமை என்பது புரிந்தது.

"அங்க சுவரு எனக்கு வலப்பக்கம். ஆளுங்க எல்லாம் இடப்பக்கம். தினேஷ் பேசுனா வாய் அசையுறது தெரியும், அவ்வளவுதான். இந்த ஆபீஸ்லயே எனக்கு யார் பேச்சும் கேக்காத ஒரே எடம் அதுதாம்க்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அதைத்தான் எனக்குன்னு புடிச்சு வச்சிருக்கீய." அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது.

"ஏம்மா சொல்லலை?"

"வந்த அன்னைக்கே சொல்லணும்னுதான் வந்தேன். தினேஷ் துண்டை உதறுனான். நீங்க பேரு எழுதி வச்சிருந்திய. கூட்ட பஸ்ல ஒருத்தன் இடிபட்டு மிதிபட்டு நமக்குன்னு எடம் புடிச்சு வச்சிருக்கான். அவன்கிட்டப் போயி, இந்தப் பக்கம் வேண்டாம், எனக்கு அந்தப் பக்கம் வேணும்னு எப்படிக்கா சொல்லுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெறவு ஒரு பயம். காது கேக்காதவளை பம்பு மாட்டுற சைட்டுக்கு யாரு அனுப்புவா? ஒரு ஓரமா உக்கார வச்சிருவாங்க. எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிக்கும்க்கா."

கடைசி வாக்கியத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். ஸ்டேஷனரி அறையில் டிஷ்யூ பேப்பருக்குப் பஞ்சமில்லை. ஒரு முழு டப்பாவைப் பிரித்து இருவரும் மூக்கைச் சிந்தினோம். நாங்கள் எல்லோரும் அவளுடைய இடத்தைப் பொத்திப் பொத்திக் காத்தோம். திரும்பி வருகிறவள் எப்படி வருவாள், அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. போனவள் அப்படியே வருவாள் என்று துண்டு போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

அழுது முடித்ததும் எனக்கு என் குணம் திரும்பியது. "சரி. ரிசைனை நாளைக்குக் குடு, இன்னிக்கு வாங்கிக்க மாட்டேன். இப்ப போனை எடு. ஆப்பைத் திற. உனக்கு எங்க நல்லாக் கேக்குமோ, அந்தச் சீட்டை நீயே எடு."

"அவங்க மனசு கஷ்டப்படும்லா?"

"படட்டும். அவங்க மனசு ரெண்டு நாள்ல தேறிடும். உன் காது தேறாதில்ல?"

சொன்ன பிறகுதான் பகீரென்றது. நஸ்ரின் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, ஆஸ்பத்திரில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் இப்படிச் சொல்லலக்கா. எல்லாரும் பாவம் பாவம்னாங்க."

"பசங்ககிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்க்கா. நீங்க சொன்னா சர்க்குலர் வாசிச்ச மாதிரி இருக்கும். நானே சொல்லுதேன்."

சாயங்கால டீ நேரத்தில் சொன்னாள். கேன்டீனில் நீள மேசை, இருபக்கமும் பெஞ்சு. நஸ்ரின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தினேஷ். எதிரில் சாய்கிருஷ்ணாவும் இன்னும் சிலரும். நான் கதவோரம் நின்று, டீயில் சர்க்கரை சரியா என்று பார்ப்பதுபோல் நின்றேன்.

"எனக்கு ஒரு காது கேக்காதுப்பா. இந்தக் காது" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "யாருகிட்டயும் சொல்லாம இருந்தது என் தப்பு. நீங்க எனக்கு எடம் புடிச்சு வச்சது எனக்கு உசிரு. ஆனா அங்க உக்காந்தா நீங்க பேசறது ஒண்ணும் கேக்கல. நாளையிலிருந்து நான் எடம் மாறுதேன்."

தினேஷ் மெல்லக் கேட்டான்.

"அப்ப, மோட்டார் மாத்தியாச்சுன்னு நான் சொன்னது..."

அவன் இடப்பக்கம் இருந்ததால் அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. எதிரிலிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த தினேஷின் முகம் சுருங்கிப் போனது. டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து, வலப்பக்கம் உட்கார்ந்தான்.

"இப்பக் கேக்குதுங்களா?"

"கேக்குது தினேஷ்."

"நான் எல்லார்த்துக்கும் முன்னால கத்திட்டேன். தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

"அதுவும் கேக்குது" என்றாள் நஸ்ரின். அவன் அழாமல் இருப்பதற்காக டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

சாய்கிருஷ்ணா எதிரிலிருந்து எழுந்து வந்து தினேஷை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மேசையின் அந்தப் பக்கம் காலி. இந்தப் பக்கத்துப் பெஞ்சில், நஸ்ரினுக்கு வலப்பக்கமாக, கல்யாணப் பந்தி போல நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எதிர்ல உக்காந்தா கேக்கும்ப்பா, பைத்தியங்களா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

டீ குடிக்க வந்த ராமச்சந்திரன் வாசலிலேயே நின்றார். "என்ன, போட்டோ எடுக்கறீங்களா?"

அவரிடமும் நஸ்ரினே சொன்னாள். சைட் வேலையைப் பற்றிய பயத்தையும் மறைக்காமல் சொன்னாள். "பம்பு ஓடற இடத்துல யாருக்கும்மா காது கேக்குது? நாங்க எல்லாம் கைஜாடைலதானே காலத்தை ஓட்டறோம். ஆனா அங்க வண்டி, கிரேன்னு பின்னால வந்தா உனக்குத் தெரியணும். சைட்டுக்குப் போறப்போ சாய் உன்கூட வரட்டும். உன் வேலை உன் வேலைதான்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "முன்னாடியே சொல்லியிருந்தா, காலைல அந்தப் பட்டான்செரு ஆள்கிட்ட நான் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் என் வீடு இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ் ஏறும்போதே கைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தேன். யாரும் வருவதற்கு முன்னால் அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்று எண்ணம். ஆனால் எனக்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே நான் ஆப்பில் திரும்பச் சேர்த்துவிட்ட மூலை நாற்காலியில் இன்னொரு பிரிவுப் பையன் உட்கார்ந்து, 'நஸ்ரின்' என்ற பலகையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றிக்கொண்டு, "இப்ப இது யார் இடமும் இல்ல, தைரியமா உக்காரு" என்றேன்.

நஸ்ரின் கூடத்தின் அடுத்த கோடியில் இருந்தாள். இப்போது சுவர் அவளுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் கூடம் முழுவதும் திறந்து கிடந்தது. அவள் குரல் எனக்கு இங்கே கேட்டது. யாரோ ஏதோ முணுமுணுக்க, அவள் பதில் சொல்ல, வரிசை குலுங்கியது. அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். ரிசைனைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கிட்டே போனபோதுதான் பார்த்தேன். தினேஷும் சாய்கிருஷ்ணாவும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரினுக்கு அடுத்த வலப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் பச்சைக்கரைத் துண்டு.

எனக்குக் கோபம் வந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? துண்டு போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? இப்ப யார் வரலைன்னு யாருக்குப் போட்டிருக்கீங்க?"

தினேஷ் திரையைப் பார்த்துச் சிரித்தான். சாய்கிருஷ்ணா மேசைக்கு அடியில் எதையோ தேடினான்.

"உங்களுக்குத்தாம்க்கா" என்றாள் நஸ்ரின்.

"எனக்கா? கைக்கு, எனக்கு எதுக்கு? எனக்கு ஸ்டேஷனரி ரூம் இருக்கு."

"தற்காலிகமாத்தானேக்கா?"

"ஊருக்குத்தான் உபதேசமுங்களா?" என்று தினேஷ் மெல்லக் கேட்டான். அந்த அறையின் பெயர் எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

"தினமும் டீயைத் தூக்கிட்டு உங்களைத் தேடி அங்க வரணும். அந்த ரூம்ல காத்தும் கிடையாது. வலப்பக்கம் ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. உங்களுக்குப் புடிச்சு வச்சேன்" என்றாள் நஸ்ரின். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "கேக்காமப் போட்டுட்டேன். உங்களுக்கு இந்த எடம் சரிப்படுமாக்கா? இல்லேன்னா சொல்லுங்க, வேற எடம் பாப்போம்."

என் ஒரு கையில் அவள் பெயர்ப்பலகை, மற்றொரு கையில் ஸ்க்ரூ டிரைவர். என் அறை போனதிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"சரிப்படும்" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவளுக்குக் கேட்டது.

போனை எடுத்து, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த ஆப்பை என் பெயரில் முதல்முறையாகத் திறந்தேன். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சாய்கிருஷ்ணா எழுந்து வந்து காட்ட வேண்டியிருந்தது. மேசையின் ஸ்டிக்கரைப் படம் பிடித்தேன். துண்டை எடுத்து மடித்து தினேஷிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை, "அக்காவே வெச்சுக்குங்க" என்றுவிட்டான்.

உட்கார்ந்தேன். எனக்காக ஒருத்தி துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, அலுவலகத்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது ஏன் தவறு என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். சத்தமாகக்கூட இல்லை, முணுமுணுப்பாகத்தான். நஸ்ரின் படம் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு வார்த்தையையும் அவள் தரையில் விழவிடவில்லை.